மொட்டைத் தலையும் சைரனும்

மலையில் மழை பார்க்கிற வேலை எனக்கு. காண்ட்ராக்ட் வேலை. ஒரு மழைமானி, கம்பத்தில் ஒரு கேமரா, ஒரு தகர ஷெட். ஓடையில் சேறு வருகிறதா, பாறை நகர்கிறதா என்று பார்த்துச் சொல்ல வேண்டும். சொன்னால் அடிவாரத் தெருவில் சைரன் அடிக்கும். சனம் வீட்டை விட்டு வெளியே வந்துவிடும். கஷ்டமான வேலை இல்லை. உட்கார்ந்து உட்கார்ந்தே முதுகு போய்விட்டது, அவ்வளவுதான்.

முன்பெல்லாம் போனில் சொல்வேன். வேங்கிக்கால் பக்கம் ஒரு கட்டடத்தில் கட்டுப்பாட்டு அறை. அங்கே ஒரு பெண் உட்கார்ந்திருக்கும். "சேறு வருதும்மா" என்றால் போதும், பட்டனை அழுத்திவிடும். ஒரு நாள் எவனோ என் பேரைச் சொல்லிப் போன் செய்துவிட்டான். நல்ல வெயில் அன்றைக்கு. சைரன் அடித்தது. சனம் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு ஓடியது. ஒரு அம்மா படியில் விழுந்து இடுப்பு உடைந்துபோனது. போன் செய்தவன் யார் என்று கடைசிவரை தெரியவில்லை.

அதற்கப்புறம்தான் மிஷின் வந்தது. கையில் அடங்குகிற மாதிரி, போன் போல ஒன்று. அதில் பேச முடியாது, முகத்தைக் காட்டினால் கட்டுப்பாட்டு அறைக்குச் சேதி போகும். சென்னையிலிருந்து ஒரு என்ஜினியர் பெண் வந்து பாடம் எடுத்தது. நான் எட்டாவதோடு நின்றவன். எனக்குப் புரிகிற மாதிரிதான் சொன்னது.

"இதுக்குப் பேரு ஜீரோ டிரஸ்ட். யாரையும் நம்பறது இல்ல. நேத்து வந்தவர்தானே, தெரிஞ்சவர்தானேன்னு விடறதும் இல்ல. ஒவ்வொரு தடவையும் நீங்கதான்னு காட்டணும்."

பக்கத்தில் உட்கார்ந்திருந்தவன் காட்டிலாகா வாட்சர். என்னோடு மலையில் இருப்பவன். சும்மா இருக்கமாட்டான்.

"எங்க வூட்டுல ரொம்ப நாளா இதாங்க நடக்குது. ஒவ்வொரு தடவையும் வாயை ஊதிக் காட்டணும்."

எல்லாரும் சிரித்தார்கள். அந்தப் பெண்ணும் சிரித்தது. இடுப்பு உடைந்த அம்மாவை நினைத்துக்கொண்டேன். சரியான ஏற்பாடுதான் என்று பட்டது.

அன்றைக்கே மிஷினில் என் முகத்தைப் படம் பிடித்தார்கள். கார்த்திகை மாதம். தீபத்துக்கு மாலை போட்டிருந்தேன். தாடி இருந்தது. முகம் ஒத்துவராவிட்டால் போனுக்கு ஓடிபி வரும் என்றார்கள். நம்பர் கேட்டார்கள். என் சிம்மில் ரீசார்ஜ் இல்லை. வீட்டுக்காரி நம்பரைக் கொடுத்தேன். ரேஷன், கேஸ் எல்லாச் சேதியும் அவள் நம்பருக்குத்தான் வரும். அவள் கீழ்பென்னாத்தூரில் எங்கள் வீட்டில் இருக்கிறாள். நான் வாரத்துக்கு ஒரு தரம் போய் வருவேன்.

ஷெட்டிலிருந்து பார்த்தால் ஓடையை ஒட்டிக் கடைசி வீடு தெரியும். அந்த வீட்டம்மா செங்கம் ரோட்டு லாட்ஜ்களுக்குப் பெட்ஷீட் துவைத்துக் கொடுக்கிறவள். பாறைமேல் காயப்போடுவாள். புருஷன் லோடுமேன். லாரியிலிருந்து விழுந்தவன். இடுப்புக்குக் கீழே உணர்ச்சி இல்லை. சைரன் அடித்தால் தெருப் பையன்கள் மேலே ஓடிவந்து அவனைக் கட்டிலோடு தூக்கிப் போவார்கள். அப்படிப் பேசி வைத்திருந்தோம். அவள் ஒருத்தியால் தூக்க முடியாது.

தீபம் முடிந்தது. மாலையைக் கழற்றினேன். வேண்டுதல் இருந்தது. மொட்டை போட்டு, தாடியும் எடுத்து, தலைக்குச் சந்தனம் தடவிக்கொண்டு மறுநாள் காலையில் வேலைக்கு ஏறினேன். மழையும் கூடவே ஏறி வந்தது.

மத்தியானம் வரைக்கும் சும்மா பெய்தது. அப்புறம் ஓடைத் தண்ணீர் நிறம் மாறியது. காபி மாதிரி ஆனது. மேலே வளைவில் ஒரு மரம் நின்ற வாக்கிலேயே கீழே நகர்ந்து வந்தது. வாட்சர்தான் பார்த்தான்.

"யோவ், அங்க பாரு. மரம் நடக்குது."

மிஷினை எடுத்து முகத்தைக் காட்டினேன். பொருந்தவில்லை என்றது. சந்தனத்தைத் துடைத்தேன். பொருந்தவில்லை. ஷெட்டுக்குள் போய் விளக்குக்குக் கீழே நின்றேன். பொருந்தவில்லை.

"மொட்ட அடிச்சத கவர்மெண்டுக்கு சொல்லலியா நீ?" என்றான் வாட்சர்.

முகம் மாறினால் வந்து சொல்லுங்கள் என்றுதான் என்ஜினியர் பெண் சொல்லியிருந்தது. மொட்டை போட்டால் முகம் மாறும் என்று எனக்குத் தோன்றவில்லை. தலைதானே.

வாட்சர் போனை வாங்கிக் கட்டுப்பாட்டு அறையைக் கூப்பிட்டேன்.

"அண்ணா, உன் குரல் எனக்குத் தெரியுதுண்ணா. பொய் சொல்லமாட்டன்னும் தெரியும். ஆனா பட்டன் எனக்கே தொறக்காது. உன் பக்கம் சரி ஆனாத்தான் தொறக்கும். ஓடிபி போட்டுப் பாரு." அந்தப் பெண்ணுக்கு அழுகை வருகிற மாதிரி இருந்தது. பெரிய ஆபீசருக்குப் போன் போட்டுக்கொண்டே இருக்கிறேன், எடுக்கவில்லை என்றது.

கீழே கத்தினால் மழைச் சத்தத்தில் கேட்காது. தெருப் பையன்கள் நம்பரை நாங்கள் வாங்கி வைக்கவில்லை. இறங்கிப் போக ஓடையைத் தாண்ட வேண்டும். தாண்டுகிற நிலையில் ஓடை இல்லை. அந்த வீட்டில் புகை வந்துகொண்டிருந்தது. அவள் ஏதோ சமைத்துக்கொண்டிருந்தாள்.

மிஷினில் ஓடிபி அனுப்பச் சொல்லி அழுத்தினேன். வாட்சர் போனிலேயே வீட்டுக்குப் பேசினேன்.

"ஏம்மே, போன்ல ஒரு நம்பர் வந்திருக்கும். சொல்லு."

"யாரு பேசறது?"

"நான்தான்."

"நான்தான்னா?"

"உன் வூட்டுக்காரன்."

"எல்லாவனும் அப்படித்தான் சொல்றானுங்க. அவரு நம்பர் இது இல்ல. வைய்யா போன."

வைத்துவிட்டாள். தீபத்தன்று அரோகரா போட்டு என் தொண்டை கட்டியிருந்தது. எனக்கே என் குரல் வேறு ஆள் மாதிரி இருந்தது. திரும்பப் போட்டேன்.

"வைக்காத. அவசரம். மலையில சேறு வருது."

"புருஷன் கேட்டாக்கூட நம்பர் சொல்லக்கூடாதுன்னு மகளிர் குழு மீட்டிங்ல சொல்லிக் குடுத்திருக்காங்க."

வாட்சர் போனைப் பிடுங்கினான். "யக்கா, நான் பாரஸ்ட் வாட்சர்க்கா. அவருதாங்க்கா இது."

"நீ யாருடா நடுவுல புதுசா? ரெண்டு பேரா சேர்ந்து வந்துட்டீங்களா?"

நான் வாங்கிக்கொண்டேன். "எதுனா கேளு. எனக்கு மட்டும் தெரியறது கேளு."

கொஞ்சம் யோசித்தாள். எனக்கு அது ரொம்ப நேரமாக இருந்தது.

"எங்கப்பன் கல்யாணத்துல இன்னா வாங்கித் தரேன்னு சொன்னாரு?"

"சைக்கிள்."

"குடுத்தாரா?"

"எங்க குடுத்தான் உங்கப்பன்."

"அவருதான்" என்றாள், யாரிடமோ. நம்பரைச் சொன்னாள். போட்டேன். நேரம் தாண்டிவிட்டது என்றது மிஷின். மறுபடி அனுப்பினேன். இந்த முறை அவள் ஒன்றும் கேட்கவில்லை. வந்ததும் படித்தாள், ஒவ்வொன்றாக, தப்பில்லாமல்.

சைரன் அடித்தது.

பையன்கள் தெருவிலிருந்து ஏறினார்கள். கட்டிலோடு தூக்கி வெளியே கொண்டுவந்தார்கள். ஒருத்தன் வழுக்கினான், கட்டில் சாய்ந்தது, மறுபடி நிமிர்ந்தது. அவள் பின்னால் ஒரு அலுமினிய அன்னக்கூடையை அவன் தலைக்குமேல் பிடித்துக்கொண்டு போனாள், புருஷன்மேல் மழை படாமல். அவர்கள் தெருவுக்குள் திரும்பினதும் சேறு வந்தது. சத்தம் பெரிதாக இல்லை. வீட்டுக்குள் ஒரு பக்கம் நுழைந்து நின்றுவிட்டது. வாட்சர் உட்கார்ந்துவிட்டான்.

மறுநாள் கூப்பிட்டு என்னை மறுபடி முகம் பிடித்தார்கள். வீட்டுக்காரி நம்பரை எடுத்துவிட்டு, ரீசார்ஜ் போட்ட என் நம்பரைச் சேர்த்தார்கள். இன்னொருத்தர் கையிலிருக்கிற நம்பரைக் கொடுத்தது தப்பு என்று ஒரு தாளில் கையெழுத்து வாங்கினார்கள். போட்டேன். தப்புதான்.

அன்றைக்கே தெருவின் மேல்முனையில் கயிறு கட்டி என்னைக் காவலுக்குப் போட்டார்கள். மண் இன்னும் இளகிக் கிடந்தது. காலி வீடுகளில் எவனோ புகுந்து சிலிண்டர் தூக்கிப் போயிருந்தான். அதனால் உத்தரவு. ஆதார் கார்டு பார்க்காமல் யாரையும் மேலே விடக்கூடாது.

அந்தக் கடைசி வீட்டம்மா வந்தாள்.

"மாத்திர உள்ள மாட்டிக்கிச்சி. எடுத்துக்கினு வந்துடறேன்."

"கார்டு இருக்குதாம்மா?"

"அதுவும் உள்ளதான் கீது."

நான் கயிற்றைத் தூக்கவில்லை.

"இன்னாண்ணா, என்னைய தெரியாதா உனுக்கு?"

"தெரியும்."

"அப்புறம் இன்னாத்துக்குக் கேக்கற?"

கட்டுப்பாட்டு அறைக்குப் போன் போட்டுக் கேட்டேன். வி.ஏ.ஓ. நேரில் வந்து சொன்னால் விடலாம் என்றார்கள். அவர் பள்ளிக்கூடத்தில் இருந்தார். சனத்தை அங்கேதான் தங்க வைத்திருந்தார்கள். நாங்கள் காத்திருந்தோம். உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை. மாத்திரை பேர் தெரிந்தால் கடையில் வாங்கிவரச் சொல்லலாம் என்றேன்.

"வெள்ளையா, பெருசா இருக்கும். டாக்டர் சீட்டும் உள்ளதான். பெஞ்சி மேல போட்டு வெச்சிருக்கேன் அந்தாள. மாத்திர போடலன்னா கால் தானா துள்ளுது. பையங்க வேடிக்க பாக்கறானுங்க."

வி.ஏ.ஓ. பைக்கில் வந்தார். அவளைப் பார்த்தார். "இவங்கதான்" என்றார். திரும்பிப் போய்விட்டார்.

நானும் கூடவே ஏறினேன். கதவு திறக்கவில்லை. சன்னல் வழியாகக் கைவிட்டு அலமாரியைத் தடவினாள். மாத்திரை அட்டை நனையாமல் இருந்தது. கார்டைத் தேடினாள். கிடைக்கவில்லை. இறங்கினோம். கயிறு வரை வந்து நின்றாள்.

"அடுத்த தபா மழ வந்தா நீதான் மேல இருப்பியா?"

"இருப்பேன்."

"சைரன சீக்கிரம் அடி" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனாள்.