பத்து நிமிடம், விதிவிலக்கு இல்லை

போன மாதம் இத்தாலியில் ஒரு தீர்மானம் நிறைவேற்றினேன்.

சிரிக்காதீர்கள். ஓய்வு பெற்று ஒன்பது வருடம் ஆகிறது. அதற்கு முன் முப்பத்து மூன்று வருடம் அரசாங்க அலுவலகத்தில் விதிகளோடு குடும்பம் நடத்தியவன். கை சும்மா இருக்குமா?

நாங்கள் பதினாறு பேர். பினாங்கில் தண்ணீர்மலைப் பக்கம் பூந்தோட்டத்தில் தினமும் காலையில் நடக்கிறவர்கள். நடப்பதைவிட, நடந்து முடித்துப் பசியாறப் போவதில்தான் எல்லோருக்கும் அக்கறை. "எவ்வளவு நாளைக்குத்தான் பினாங்கையே சுத்துறது, வெளிநாடு போலாம் லா" என்று யாரோ ரொட்டி சானாயைப் பிய்த்துக்கொண்டே சொன்னார்கள். ஆறே மாதத்தில் அத்தனை பேரும் ஃபுளோரன்ஸ் நகரில் நின்றோம்.

முதல் நாளே கோளாறு. மாக் மண்டினில் கார் பட்டறை வைத்திருக்கும் சேகர், தோல் பெல்ட் வாங்கப் போய் நாற்பது நிமிடம் தாமதமாக வந்தார். மற்ற பதினைந்து பேரும் பேருந்துக்குள் வெந்துகொண்டிருந்தோம். அவரோ சிரித்துக்கொண்டே ஏறினார்.

"சோரி, சோரி... பெல்ட்டு ஒரிஜினல் அண்ணே. தொட்டுப் பாருங்க!"

நான் தொடவில்லை. அன்று மாலையே விடுதித் தாளில் எழுதினேன். "புறப்படும் நேரத்துக்குப் பின் பேருந்து பத்து நிமிடம் மட்டுமே காத்திருக்கும். அதற்கும் பிந்தி வருபவர் சொந்த ஏற்பாட்டில் விடுதிக்கு வந்து சேர வேண்டும். விதிவிலக்கு இல்லை."

முன்மொழிந்தவர் நான். வழிமொழிந்தவர் லெட்சுமி அக்கா — ஓய்வு பெற்ற தலைமையாசிரியை, எதை நீட்டினாலும் வழிமொழிந்துவிடுவார். நம்மவர்கள் இரண்டு பேர் சேர்ந்தால் சங்கம், மூன்று பேர் சேர்ந்தால் துணைத்தலைவர் பதவிக்குத் தகராறு, நான்கு பேர் சேர்ந்தால் போட்டிச் சங்கம். அப்படியிருக்க, பதினாறு பேரும் மறுபேச்சில்லாமல் கையெழுத்துப் போட்டது எனக்கே ஆச்சரியம்தான்.

"ஸ்டாம்ப் அடிக்கலயா அண்ணே?" என்றார் சேகர், கையெழுத்துப் போட்டபடியே.

கடைசி வாக்கியத்தை நான் ரசித்து எழுதினேன் என்பதை ஒப்புக்கொள்கிறேன். விதிவிலக்கு என்பது சுவரில் விடும் ஓட்டை. எலிக்கு என்று சொல்லித்தான் விடுவோம்... யானை போய்விடும். என் அனுபவம் அது.

மறுநாள் மலையுச்சி ஊர்கள். ஒரே நாளில் மூன்று. வழிகாட்டி கியாரா என்ற இளம் பெண். மடக்கிய மஞ்சள் குடையை உயர்த்திப் பிடித்து முன்னால் நடப்பார். காதில் கருவியை மாட்டிக்கொண்டு நாங்கள் வாத்துக்கூட்டம்போல் பின்னால் போக வேண்டும்.

குன்று என்றால் உச்சியில் முருகன் இருப்பான், ஏறினால் விபூதி கிடைக்கும் — நம் கணக்கு அது. இத்தாலியில் குன்றின் உச்சியில் ஊர் இருக்கிறது. ஏறினால் ஐஸ்கிரீம் கிடைக்கிறது.

முதல் ஊர் சியெனா. ஒதுக்கிய நேரம் ஐம்பது நிமிடம். அதில் பாதி கழிப்பறை வரிசைக்குப் போயிற்று. காப்பிக்கடையில் காப்பி குடித்தால்தான் கழிப்பறைக்கு விடுகிறார்கள். கழிப்பறைக்காகக் குடித்த காப்பி, அடுத்த ஊரில் மறுபடி கழிப்பறை தேட வைக்கிறது. அங்கேயும் காப்பி. சுற்றுலாத் தொழில் அந்த நாட்டில் ஏன் செழிக்கிறது என்று இப்போது புரிகிறதா?

இரண்டாவது மோந்தெரிஜோனி. வட்டமாக ஒரு மதில், உள்ளே கையகல ஊர். இருபது நிமிடம் கொடுத்தார்கள். சேகர் ஏழு நிமிடத்தில் முடித்துவிட்டார். "அண்ணே, அதுவும் கல்லு, இதுவும் கல்லு. கல்லு பாக்க இவ்வளவு தூரமா?" அங்கே ஒரு சந்தில் வயதான அம்மாள் ஒருவர் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தார். எங்கள் கூட்டம் கைப்பேசியும் கையுமாக அவரைச் சூழ்ந்தது. அவர் முறைத்தார். ஜார்ஜ்டவுனின் பழைய தெருவில் குடியிருப்பவன் நான். என் வீட்டுக் கொடியில் காயும் கைலியைப் படம் எடுக்காத நாட்டவர் கிடையாது. அந்த முறைப்பின் பொருள் எனக்கு நன்றாகவே தெரியும்.

தெரிந்துதான் நானும் ஒரு படம் எடுத்துக்கொண்டேன்.

மூன்றாவது சான் ஜிமினியானோ. கோபுரங்களின் ஊர். பேருந்தில் போகும்போதே கியாரா கதை சொன்னார். அந்தக் காலத்தில் பணக்காரக் குடும்பங்கள் போட்டி போட்டுக்கொண்டு கோபுரம் எழுப்பினவாம். ஊர்ச்சபையின் கோபுரத்தைவிட உயரமாக யாரும் கட்டக் கூடாது என்று விதி வந்ததாம். உடனே ஒரு குடும்பம் என்ன செய்தது? பக்கத்துப் பக்கத்தில் இரண்டு கோபுரம் கட்டிக்கொண்டதாம்!

நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். விதியும் மீறவில்லை, வீம்பும் விடவில்லை. பினாங்கு மலைச்சரிவில் கொண்டோ அடுக்குமாடி கட்டுகிறவர்களுக்கு இந்தக் குடும்பம் ஏதோ ஒரு வழியில் உறவாகத்தான் இருக்க வேண்டும்.

"அந்தக் கோபுரத்துல ஏறலாமா? எத்தன படி?" என்று ஒரு குரல் கேட்டது. என் மனைவி விமலா.

ஊர்ச்சபைக் கோபுரத்தில் மட்டும் ஏறலாம், இருநூற்றுப் பதினெட்டுப் படி என்றார் கியாரா.

"டாக்டர் லெட்டர் ஞாபகம் இருக்குல்ல?" என்றேன் நான்.

இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். தைப்பூசத்துக்குத் தைப்பூசம் தண்ணீர்மலைக் கோயிலின் ஐந்நூற்றுச் சொச்சம் படியையும் நிற்காமல் ஏறுகிறவள் விமலா. நான் நடுவில் மூன்று இடத்தில் உட்காருவேன். இரண்டு வருடத்துக்கு முன் அவளுக்கு முழங்கால் வலி வந்தது. "இயன்றவரை படி ஏறுவதைத் தவிர்க்கவும்" என்று டாக்டர் எழுதிக் கொடுத்தார். அந்த "இயன்றவரை"யை நான் கண்டுகொள்ளவில்லை. அமலாக்கப் பிரிவில் இருந்தவன் அப்படிப்பட்ட சொற்களைக் கண்டுகொள்ளவே கூடாது. விளைவு, இரண்டு தைப்பூசமாக அவள் அடிவாரத்தில் நின்று அண்ணாந்து கும்பிட்டுவிட்டுத் திரும்புகிறாள்.

பேருந்தில் அவள் பதில் சொல்லவில்லை. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். விமலா பேசாமல் இருந்தால் "ஆட்சேபணை இல்லை" என்று முப்பத்தெட்டு வருடமாகக் குறிப்பேட்டில் எழுதி வருகிறேன்.

நாலரைக்குப் பேருந்துக்கு வந்துவிட வேண்டும் என்று சொல்லி, ஊர் வாசலில் எங்களை அவிழ்த்துவிட்டார் கியாரா.

"நீங்க போர்டு எல்லாம் படிங்க. நான் கடை பாத்துட்டு வரேன்" என்றாள் விமலா.

படித்தேன். நாய்களைக் கூட்டி வருவோருக்கான அறிவிப்பு உட்பட எல்லாம் படித்தேன். நாலு இருபதுக்குப் பேருந்தில் இருந்தேன். சேகர் எனக்கும் முன்னால் வந்து, புது பெல்ட்டோடு முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தார்.

நாலரை. பதினைந்து பேர். ஒருவர் குறைவு.

விமலாவின் கைப்பேசிக்கு அழைத்தேன். என் பக்கத்து இருக்கையில் மணி அடித்தது.

பேருந்துக்குள் ஒரு தினுசான அமைதி. பதினாலு பேர் சிரிப்பை அடக்கினால் வரும் அமைதி.

"அண்ணே, நாலு முப்பத்தஞ்சு," என்றார் சேகர். "சும்மா டைம் சொன்னேன்."

"தெரியும்."

"ரூல்ஸ்ல பொண்டாட்டிமாருக்குன்னு தனியா ஏதும் போட்டிருக்கீங்களா?"

"இல்ல."

"சரி, சரி. படிச்சவங்க எழுதுனது... நமக்கு என்னா தெரியும்?"

விதி எழுதும்போது எழுதுகிறவனின் முகம் அவனுக்கு ஞாபகம் வருவதே இல்லை. எப்போதும் ஒரு சேகரின் முகம்தான் வருகிறது. எல்லா நாட்டிலும், எல்லா அலுவலகத்திலும் அப்படித்தான் என்று நினைக்கிறேன்.

என் மூளை வேலை செய்யத் தொடங்கியது. எந்தக் கடிகாரப்படி நாலரை என்று தீர்மானத்தில் இல்லையே? "புறப்படும் நேரம்" என்றால் அறிவித்த நேரமா, இன்ஜின் கிளம்பும் நேரமா? இரண்டே நிமிடத்தில் மூன்று மேல்முறையீடு தயாரித்துவிட்டேன். வெட்கமாக இருந்தது.

லெட்சுமி அக்காதான் முதலில் எழுந்தார். "தீர்மானத்த ரத்து பண்ணிடலாம் தம்பி. நானே முன்மொழியறேன்."

"நான் வழிமொழியறேன் லா," என்று முதல் கையைத் தூக்கியவர் யார் தெரியுமா? சேகர். "விமலா அக்கா இல்லாம எப்படிப் போறது? ஒரு அர மணி நேரம் நின்னா என்னா கொறஞ்சிடும்?"

தூக்கிய அந்தக் கை என் கன்னத்தில் விழுந்த மாதிரி இருந்தது.

ஆனால் கியாரா தலையை ஆட்டினார். அந்த இடத்தில் பேருந்து நிற்க நாலு நாற்பது வரைதான் அனுமதி. பின்னால் இன்னொரு பேருந்து ஹார்ன் அடித்துக்கொண்டிருந்தது. சீருடை போட்ட ஒருவர் எங்கள் பேருந்தின் எண்ணைப் பார்த்துவிட்டுப் பேனாவைத் திறந்தார். எங்கள் தீர்மானத்தை நாங்கள் ரத்து செய்யலாம். அந்த ஊர் விதியை ரத்து செய்ய எங்களுக்குப் பெரும்பான்மை போதாது.

"மேடத்துக்கு டாக்ஸி ஏற்பாடு செய்துவிடலாம். விடுதி முகவரி அவர் பையில் இருக்கிறது. கவலைப்படாமல் நீங்கள் உட்காருங்கள்" என்றார் கியாரா.

சரியான ஏற்பாடுதான். நடைமுறைப்படி ஒரு குறையும் இல்லை. நான் எழுதியிருந்தாலும் அப்படித்தான் எழுதியிருப்பேன். படியில் ஒரு காலும் தரையில் ஒரு காலுமாக நின்றேன். ஹார்ன் சத்தம். சீருடைக்காரரின் பேனா. பதினாலு முகங்கள்.

தரையில் இருந்த காலின் பக்கமே மற்றதையும் இறக்கினேன்.

அன்பால் இறங்கினேன் என்று எழுதத்தான் ஆசை. பாதி அன்பு, பாதி வீம்பு. பதிவுக்காகச் சொல்லிவைக்கிறேன்.

கதவு மூடுவதற்குள் சேகர் ஓடி வந்து விமலாவின் குளிர்ச்சட்டையையும் கைப்பேசியையும் ஒரு முறுக்குப் பொட்டலத்தையும் நீட்டினார். "பசிக்கும் அண்ணே. அக்காவ ஏசாதீங்க." பேருந்து போய்விட்டது.

ஐஸ்கிரீம் கடையில் அவள் இல்லை. தேவாலயத்தில் இல்லை. பீங்கான் தட்டு விற்கும் கடைகளில் இல்லை. வீம்பு கரைந்து பயம் வந்தது. மொழி தெரியாத ஊர், கையில் போன் இல்லை, காலோ அப்படி... முதலிலேயே பார்த்திருக்க வேண்டிய இடம் அப்போதுதான் புத்திக்கு எட்டியது.

கோபுர வாசலில் இருந்த பெண் என்னைத் தடுத்தாள். டிக்கெட்?

"மேலே என் மனைவி."

எல்லோரும் அப்படித்தான் சொல்கிறார்கள் என்பதுபோல் பார்த்தாள். ஒரு காலத்தில் கவுண்டருக்கு இந்தப் பக்கம் நின்றவர்களை நானும் அப்படித்தான் பார்த்திருப்பேன். பெஞ்சில் உட்கார்ந்தேன்.

ஐந்து மணிக்குச் சுவரைப் பிடித்துக்கொண்டு விமலா வெளியே வந்தாள். முகமெல்லாம் சிவந்து, தலைமுடி கலைந்து... அப்படியொரு சந்தோஷத்தை அவள் முகத்தில் பார்த்து நாளாகிவிட்டது.

"இருநூத்திப் பதினெட்டுங்க. எண்ணிட்டேன்."

"கால்?"

"வலிக்குது. வலிக்கட்டும். வர்ற தைப்பூசத்துக்கும் ஏறப்போறேன், இப்பவே சொல்லிட்டேன்."

"மெதுவா ஏறலாம்," என்றேன்.

திரும்பும் வழியில்தான் இன்னொரு பாடம். உள்ளூர்ப் பேருந்துக்கு டிக்கெட்டைப் புகையிலைக் கடையில் வாங்க வேண்டுமாம். சிகரெட், தபால்தலை, பேருந்து டிக்கெட் — எல்லாம் ஒரே மேசையில். எனக்குத் தெரியாத நடைமுறை ஒன்று இந்த உலகத்தில் இருந்தது! விமலாதான் கடைக்காரரிடம் சைகையால் பேசி வாங்கினாள்.

பள்ளிப் பையும் காய்கறியும் ஏறியிருந்த அந்தப் பேருந்தில் எங்களுக்கு யாரும் எதையும் விளக்கவில்லை. வெயில் சாய்ந்திருந்தது. திராட்சைத் தோட்டங்கள் மேலும் கீழுமாய்ப் போய்க்கொண்டிருந்தன. முறுக்குப் பொட்டலத்தைப் பிரித்தேன்.

"நம்ம பஸ் போயிடுச்சு," என்றேன், தாமதமாக.

"தெரியும். மேலேருந்து பாத்தேன். வாசல், பஸ்ஸு எல்லாம் பளிச்சுன்னு தெரியுது."

"பாத்தியா? எப்ப?"

"நாலு இருபதுக்கே. இறங்கிடலாம்னுதான் நெனச்சேன். அப்புறம் தோணுச்சு... இவரு என்னா பண்றாருன்னு பாப்போமேன்னு."

நான் முறுக்கை மெல்லுவதை நிறுத்தினேன்.

"இறங்கி நின்னீங்க. இடுப்புல கைய வச்சிக்கிட்டு, ஒத்த ஆளா. சந்தோஷமாத்தான் இருந்துச்சு," என்றாள் விமலா. ஒரு முறுக்கை ஒடித்து வாயில் போட்டுக்கொண்டாள். "ஆனா ஒரு கால பஸ்ஸுக்குள்ள வச்சிக்கிட்டு, அவ்வளவு நேரம் என்னாங்க யோசிச்சீங்க?"

முப்பத்து மூன்று வருடச் சேவையில் விளக்கம் கேட்டு வந்த எத்தனையோ கடிதங்களுக்குப் பதில் எழுதியிருக்கிறேன். இது ஒன்று மட்டும் இன்னும் நிலுவையில் இருக்கிறது.