பிரேக் பெடலில் அம்மாவின் கால்

"பொம்பளைங்க பிரேக்குல கை வெக்கலாமாங்க?"

போனில் இப்படிக் கேட்டவர் கள்ளக்குறிச்சியில் கடை வைத்திருக்கும் ஒரு மெக்கானிக். நான் அவரிடம் கேட்டது வேறு. காரின் முன்பக்க வலது சக்கரத்துக்குப் போகும் பிரேக் ஹோஸை நானே மாற்றியிருக்கிறேன், மாற்றியதிலிருந்து பெடல் மெத்தென்று உள்ளே போகிறது, எதையெல்லாம் பார்க்க வேண்டும் என்று கேட்டேன். மூன்று வாக்கியங்கள். அவர் அதில் ஒன்றைக்கூட முழுதாகக் கேட்கவில்லை. "மாஸ்டர் சிலிண்டர் போயிருக்கும், கட்டி இழுத்துக்கினு வந்துடுங்க" என்றார்.

மிதிக்கிற மிதியில் பிரேக் எண்ணெயைத் தள்ளிவிடும் அந்த மாஸ்டர் சிலிண்டர் போகவில்லை என்று எனக்குத் தெரியும். பெடலை மிதித்து அப்படியே பிடித்துப் பார்த்திருந்தேன். சிலிண்டர் கெட்டிருந்தால் பெடல் காலுக்கடியில் மெல்ல மெல்லத் தரைக்கு இறங்கும். இது நின்ற இடத்திலேயே நின்றது. அதைச் சொன்னபோதுதான் அந்தக் கேள்வி வந்தது. நான் போனை வைத்துவிட்டேன். வாயைத் திறந்திருந்தால் என் வேலைக்கு ஒவ்வாத வார்த்தை வந்திருக்கும்.

என் வேலை, கல்வராயன் மலைமேல் ஒரு பள்ளியில் அறிவியல் சொல்லிக்கொடுப்பது. எங்கள் வீடு மலையடிவாரத்தில், கச்சிராயபாளையத்துக்குப் பக்கத்து ஊரில். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான்தான். நான் போன பள்ளிக்கூடத்துக்கு நடந்து போனேன், கற்றுக்கொடுக்கும் பள்ளிக்கூடத்துக்குக் காரில் போகிறேன். இதைச் சொல்வதில் எனக்குக் கூச்சமே கிடையாது. கார் பழையது, இரண்டு கை மாறி வந்தது. ஆனால் என் சம்பளத்தில் வாங்கியது.

அந்த மெக்கானிக்கிடம் முன்பு ஒரு முறை காரை விட்டிருக்கிறேன். என்ன கோளாறு என்பதை அவர் என்னிடம் சொல்லவில்லை. என்னோடு வந்திருந்த கணக்கு வாத்தியாரிடம் சொன்னார். கணக்கு வாத்தியாருக்குக் கார் ஓட்டவே தெரியாது. அவரும் பாவம், எல்லாவற்றுக்கும் தலையை ஆட்டிக்கொண்டு நின்றார். அன்றைக்குத்தான் இனி என் காரின் சின்ன வேலைகளை நானே செய்வது என்று முடிவெடுத்தேன். பிரேக் பேடு மாற்றினேன், அது சரியாகவே வந்தது. அடுத்தது இந்த ஹோஸ். சக்கரத்துக்கு எண்ணெய் கொண்டுபோகும் அந்த ரப்பர் குழாய் வெடிப்பு விட்டு, மிதிக்கும்போது லேசாக எண்ணெய் கசிந்தது. சனிக்கிழமை காலையில் புது ஹோஸ் வாங்கிவந்து மத்தியானத்துக்குள் மாட்டிவிட்டேன்.

ஹோஸைக் கழற்றினால் பிரேக் எண்ணெய் ஓடும் குழாய்க்குள் காற்று போய்விடும். அந்தக் காற்றை வெளியே எடுக்க வேண்டும். 'ஏர் எடுக்கிறது' என்பார்கள். திரவத்தை அமுக்க முடியாது, காற்றை அமுக்கலாம் என்று ஒவ்வொரு வருடமும் நான் பிள்ளைகளுக்குச் சொல்கிறேன். குழாய்க்குள் காற்றுக்குமிழ் இருந்தால் நாம் மிதிக்கிற மிதியெல்லாம் அந்தக் குமிழை நசுக்குவதிலேயே போய்விடும். சக்கரத்துக்கு ஒன்றும் போய்ச் சேராது. வகுப்பறையில் அது ஒரு மதிப்பெண் கேள்வி. மலையிலிருந்து கொண்டை ஊசி வளைவுகளில் இறங்கும்போது அது உயிர். திங்கட்கிழமை நான் அந்த மலையில் ஏறி இறங்க வேண்டும். அதற்குள் பெடல் கெட்டிப்பட்டாக வேண்டும்.

ஏர் எடுக்க இரண்டு பேர் வேண்டும். ஒருவர் ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்து பெடலை மிதித்துப் பிடிக்க வேண்டும். மற்றவர் சக்கரத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, பிரேக்கின் மேலுள்ள நிப்பிள் என்ற சின்னத் திருகைத் தளர்த்தி, காற்றும் எண்ணெயும் வெளியேறிய பிறகு இறுக்க வேண்டும். இறுக்கும் வரை மிதித்தவர் காலை எடுக்கக் கூடாது. எடுத்தால் பெடல் மேலே வரும், வெளிக்காற்றை உள்ளே உறிஞ்சிக்கொள்ளும்.

அப்பா கரும்பு வெட்டும் ஆட்களோடு வெளியூர் போயிருந்தார். மிதிக்க அம்மாவைத்தான் உட்காரவைத்தேன்.

"நான் மிதின்னா மிதி. புடின்னா அப்படியே புடிச்சிக்கோ. விடுன்னா விடு. நடுவுல எடுக்காத."

"இதுக்கு இன்னா இவ்ளோ பாடம். களை எடுக்கிறத விடவா கஷ்டம்" என்றாள் அம்மா.

முதல் முறை நிப்பிளைத் தளர்த்தியதும் பெடல் அவள் காலுக்கடியில் தரை வரை இறங்கிவிட்டது. "பாப்பா, உள்ள பூட்ச்சிடி" என்று பதறினாள். அப்படித்தான் போகும் என்றேன். அதன் பிறகு மிதி, பிடி, விடு என்று ஒழுங்காக நடந்தது. நடந்தது என்றுதான் நினைத்தேன். முடித்து இறங்கும்போது அம்மாவே சொன்னாள்: "இன்னமும் நடவு கழனியில கால் வெச்ச மாதிரிதான் கீது."

நான் ஏறி மிதித்துப் பார்த்தேன். சேறேதான். வேகமாகத் திரும்பத் திரும்ப மிதித்தால் கெட்டியானது, கொஞ்சம் விட்டு மிதித்தால் மறுபடியும் சேறு. உள்ளே காற்று இருக்கிறது என்பதற்கு அதைவிட அடையாளம் வேண்டாம். மூட்டுகளையெல்லாம் செய்தித்தாளால் துடைத்துப் பார்த்தேன், எங்கும் கசிவு இல்லை. எண்ணெய் டப்பாவில் அளவு அடிவரை இறங்கவில்லை. நிப்பிளும் காற்று தேங்கும் மேல்பக்கம்தான் இருந்தது. மறுபடி ஏர் எடுத்தோம். மறுபடியும் சேறு. அதற்குப் பிறகுதான் அந்த மெக்கானிக்குக்குப் போன் போட்டது, வாங்கிக் கட்டிக்கொண்டது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் புதிதாகத் தொடங்கினோம். எங்கள் வீட்டில் கார் நிறுத்த இடம் கிடையாது, தெருவில்தான் நிற்கும். அந்தத் தெரு வழியாகத்தான் ஒருவர் தன் மொபெட்டில் கிணற்று மோட்டார் கொட்டகைக்குப் போவார், வருவார். கொட்டகையைச் சுற்றியுள்ள கரும்பெல்லாம் அவருடையது. நான் பிறப்பதற்கு முன்பிருந்தே அம்மா அந்தக் கரும்பில் கூலிவேலை செய்கிறாள். அப்போது அவருடைய அப்பாவின் காலம். இவர் அம்மாவைவிட வயதில் சிறியவர்.

நான் முன் சக்கரத்தைக் கழற்றிவிட்டு அதன் பக்கத்தில் குந்தியிருந்தேன். ஓட்டுநர் கதவு திறந்து எனக்கும் இருக்கைக்கும் நடுவில் தட்டி மாதிரி நின்றது. அம்மாவின் முகம் எனக்குத் தெரியாது, குரல் மட்டும்தான் கேட்கும். நிப்பிளில் அன்றைக்குத்தான் செருகியிருந்த பிளாஸ்டிக் குழாயில் எண்ணெய் குமிழ் குமிழாக வந்துகொண்டிருந்தது. தூரத்தில் மொபெட் சத்தம் கேட்டது. வந்துகொண்டிருந்த எண்ணெய் சட்டென்று நின்றது, நின்று பின்னோக்கிப் போனது.

நான் குனிந்து கதவுக்கு அடியில் பார்த்தேன். தரையில் அம்மாவின் இரண்டு கால்களும் இருந்தன.

எழுந்து பார்த்தால், இறங்கி நின்றுகொண்டிருந்தாள். சேலை முந்தானையை இழுத்துப் போர்த்தியிருந்தாள். மொபெட் நின்றது.

"இன்னா, காரெல்லாம் ஓட்டக் கத்துக்கினியா?" என்றார் அவர்.

"இல்லீங்கய்யா. பாப்பாதான் மிதிக்கச் சொல்லுச்சி."

அவர் என்னைப் பார்த்தார். "டீச்சரு ஒர்க்‌ஷாப்பு வெச்சிட்டீங்களா? சொல்லவே இல்ல."

சிரித்துக்கொண்டே போய்விட்டார். எனக்கு 'ங்க' போட்டார். அம்மாவுக்குப் போடவில்லை. என் படிப்புக்குக் கொடுக்கிற மரியாதையை என்னைப் படிக்கவைத்தவளுக்குக் கொடுக்க அவருக்கு வாய் வரவில்லை. அதைவிட எனக்குக் கோபம் வந்தது அம்மா மேல்.

"எதுக்கும்மா எறங்குன?"

"அய்யா வந்தாரில்ல."

"வந்தா?"

"வந்தாவா? காரு சீட்டுல சாஞ்சிக்கினு அவருகிட்ட பேசச் சொல்றியா?"

"நேத்தும் எறங்குனியா?"

அம்மா யோசித்தாள். "அவரு போகச்சொல்ல ஒருவாட்டி, திரும்பி வரச்சொல்ல ஒருவாட்டி. ஒரு நிமிசந்தான எடுத்தேன். ஒடனே ஏறி மிதிச்சிட்டேன் இல்ல."

நேற்று நான் எதையெல்லாம் சந்தேகப்பட்டேன். புது ஹோஸைச் சந்தேகப்பட்டேன், கடைக்காரரைச் சந்தேகப்பட்டேன், என் கையையே சந்தேகப்பட்டேன். பெண்ணுக்கு இது வராது என்று அந்த மெக்கானிக் சொல்லாமல் சொன்னது ஒரு கணம் மனதில் ஏறி உட்கார்ந்தும் விட்டது. கடைசியில் குழாய்க்குள் காற்றை விட்டது தெருவில் போன ஒரு மொபெட். அந்த மனிதர் நிற்கச் சொல்லவில்லை. சொல்லத் தேவையே இல்லாதபடி அவருக்கு முன்னாலேயே யாரோ சொல்லிவைத்துவிட்டார்கள்.

"நாளைக்கு மலையில எறங்கச்சொல்ல பிரேக்கு புடிக்கலன்னா அவரா வந்து நிறுத்துவாரு? நீ காலு எடுத்தா காத்து பூந்துக்கும்மா. நான் விடுன்னு சொல்றவரிக்கும் யாரு வந்தாலும் எடுக்கக் கூடாது."

"கத்தாத. தெரு பாக்குது" என்றாள் அம்மா. பிறகு, "காத்து பூந்தா புடிக்காதா?" என்று கேட்டாள்.

"புடிக்காது."

அம்மா முந்தானையை எடுத்து இடுப்பில் செருகினாள். தானாகவே ஏறி உட்கார்ந்தாள்.

எண்ணெய் டப்பாவை நிரப்பிவிட்டு முதலிலிருந்து ஆரம்பித்தேன். பெரிய பெரிய குமிழ்களாக வந்தன, பிறகு கடுகு கடுகாக. மிதி, பிடி, விடு. குழாயில் எண்ணெய் தெளியத் தொடங்கியபோது மோட்டார் கொட்டகைப் பக்கமிருந்து மொபெட் திரும்பி வந்தது. நிப்பிள் திறந்திருந்தது. நான் ஸ்பேனரை விடாமல் கதவுக்கு அடியில் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கால்கள் வரவில்லை.

மொபெட் காருக்குப் பக்கத்தில் வந்து நின்றது. "இன்னா, இன்னும் முடியலியா?"

உள்ளேயிருந்து அம்மாவின் குரல் கேட்டது. வழக்கத்தைவிடக் கொஞ்சம் மெலிந்திருந்தது. "இல்லீங்கய்யா. காலு எடுக்க முடியாதுங்க. எடுத்தா காத்து பூந்துக்குமுங்க."

"அப்படியா?"

"பாப்பா விடுன்னு சொல்றவரிக்கும் இப்படியேதாங்க இருக்கணும்."

நான் நிப்பிளை இறுக்கினேன். "விடு" என்றேன். பெடல் மேலே வரும் சத்தம் கேட்டது. இப்போது இறங்க வேண்டும் என்றால் இறங்கலாம். கதவுக்கு அடியில் மறுபடி பார்த்தேன், யாருடைய காலும் இல்லை. "மிதி" என்றேன்.

"எறங்க மாட்டேங்குது பாப்பா. கல்லாட்டம் கீது."

"அப்படியே புடிச்சிக்கோ."

வேலை முடிந்துவிட்டது. குழாயை உருவினேன், நிப்பிளுக்கு ரப்பர் மூடியைப் போட்டேன், சுற்றிலும் துணியால் துடைத்தேன். அவர் போகாமல் நின்றுகொண்டிருந்தார். எதற்கு நின்றார் என்று அவருக்கே தெரியுமோ என்னவோ.

"விட்டுடட்டா?" என்றாள் அம்மா.

"இன்னும் இல்லம்மா."

துடைத்த இடத்தையே மறுபடியும் துடைத்தேன். அவர் தொண்டையைச் செருமினார், மொபெட்டை உதைத்தார், கிளம்பினார். சத்தம் தெருமுனையில் திரும்பிய பிறகு "விடு" என்றேன்.

அம்மா இறங்கி வந்தாள். முகம் வேர்த்திருந்தது. "அவரு இன்னா நெனச்சிருப்பாரு" என்றாள். எனக்கு மறுபடியும் கோபம் வந்தது. தன் மகளின் காரில் ஒரு மனுஷி உட்கார்ந்திருப்பதற்கு அறிவியல் காரணம் வேண்டியிருக்கிறது. வெறுமனே உட்கார்ந்திருந்தேன் என்று சொல்ல அவளால் முடியவில்லை, சொல்லியிருந்தால் அவரும் கேட்டுக்கொண்டிருக்க மாட்டார். இதற்கு நான் பள்ளிக்கூடத்தில் எந்தப் பாடத்தை நடத்துவது?

ஊருக்கு வெளியே அணைக்குப் போகும் சாலையில் தனியாக மெல்ல ஓட்டிப்போய், நிறுத்தி, மறுபடி ஓட்டி, மறுபடி நிறுத்திப் பார்த்தேன். தொட்டதும் பிடித்தது. திங்கட்கிழமை மாலை மலையிலிருந்து இறங்கும்போது ஒவ்வொரு வளைவிலும் பெடல் ஒரே உயரத்தில் கெட்டியாக நின்றது.

வீட்டுக்கு வந்ததும் அம்மாவிடம் கேட்டேன். "கரும்புல அவரு எதுனா சொன்னாரா?"

"ஒன்னும் சொல்லல. சோகை உரிக்க என்ன மட்டும் அந்தாண்ட கோடிக்கு அனுப்பிட்டாரு. நெழலே இல்ல." முழங்கையில் கரும்பின் காய்ந்த சோகை இலை கீறிய இடங்களில் தேங்காயெண்ணெய் தடவிக்கொண்டிருந்தாள்.

இப்போதே அவர் வீட்டுக்குப் போகிறேன் என்று எழுந்தேன். அம்மா நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"குந்து. அந்தப் பக்கத்து ஹோஸும் பழசாயிட்ச்சின்னு சொன்னியே, அத எப்ப மாத்தப் போற?"

"வெடிப்பு இல்லம்மா. அடுத்த மாசம் மாத்திக்கலாம்."

"அடுத்த மாசம் எதுக்கு? ஞாயித்துக்கெழமையே மாத்திடு. நான் மிதிக்கிறேன்."