மூணு விரலுக்கு ஆறு பட்டன்

மின்சாரப் பெட்டி செய்யும் பட்டறையில் அவளை எல்லாரும் 'பிரஸ் அக்கா' என்றுதான் கூப்பிடுவார்கள். பதினாறு வருஷம் பிரஸ் மெஷினில் தகட்டுக்கு ஓட்டை குத்தியவள். போன வருஷம் ஒரு செவ்வாய்க்கிழமை, இறங்கக் கூடாத நேரத்தில் மெஷின் இறங்கி, வலது கையின் மோதிர விரலையும் சுண்டு விரலையும் கொண்டுபோய்விட்டது. காயம் ஆறித் திரும்பியவளை சூப்பர்வைசர் பேக்கிங்கில் உட்கார வைத்தார்.

அதைக்கூடப் பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்தாள். பொறுக்க முடியாதது தம்பியின் வீடியோ கேம் கடையில் நடந்தது. அங்கே இருந்த சண்டை மெஷினில் இடது கையால் ஸ்டிக், வலது கையால் ஆறு பட்டன் என்று வருகிறவர் போகிறவரை எல்லாம் மண்ணைக் கவ்வ வைத்தவள் அவள். இப்போது மிச்சமிருந்த மூன்று விரல்கள் ஓரத்துப் பட்டனுக்கு எட்டுவதற்குள் எதிராளி இரண்டு உதை விட்டிருப்பான்.

"விடுக்கா. நீ பேசாம உக்காந்து வேடிக்கை பாரு," என்றான் தம்பி. ஆறுதலாகத்தான் சொன்னான். அவளுக்குக் கன்னத்தில் அறைந்த மாதிரி இருந்தது.

"உன் மெஷின் என் கைக்கு ஒத்துவரலேன்னா, ஒத்துவர்ற மாதிரி நானே செஞ்சுக்கறேன். நீ வேணா வேடிக்கை பாரு."

வீட்டுக்கு வந்து, ஒரு அட்டையின்மேல் வலது கையை வைத்து பென்சிலால் வரைந்தாள். உள்ளங்கையை நகர்த்தாமல் விரல் எங்கெல்லாம் எட்டுகிறதோ அங்கெல்லாம் வட்டம் போட்டாள். ஆறு வட்டமும் ஒன்றையொன்று உரசிக்கொண்டு நின்றன. மடியில் வைத்து ஆட, ஸ்டிக்கும் பட்டனுமாக ஒரு மரப்பெட்டி செய்யச் சொல்லி அட்டையைத் தெருமுனைத் தச்சரிடம் கொடுத்தபோது அவர் மூக்குக்கண்ணாடியை நெற்றியில் ஏற்றினார்.

"இவ்வளவு நெருக்கமா யாரும் வைக்க மாட்டாங்கம்மா. ஒரு கணக்கு இருக்கு."

"அந்தக் கணக்கு அஞ்சு விரல் இருக்கறவங்களுக்கு அண்ணே. நீங்க அட்டையில இருக்கற மாதிரியே ஓட்டை போடுங்க."

போட்டுக் கொடுத்தார். ஆனால் அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. மேலிருந்து பார்க்க பட்டன்கள் அழகாக உட்கார்ந்தன. பலகைக்கு அடியில் பட்டனை இறுக்கும் நட்டு மேல் வட்டத்தைவிடப் பெரிது. முதல் நட்டை முடுக்கியதும் பக்கத்து நட்டுக்கு இடமே இல்லை. அரத்தால் நட்டுகளின் ஓரங்களை ராவிப் பார்த்தாள். மூன்று நட்டு விரிசல் விட்டதுதான் மிச்சம்.

நட்டே இல்லாமல், பக்கவாட்டில் காது மாதிரி நீட்டிக்கொண்டிருக்கும் இரண்டு பிடியால் கவ்விக்கொள்ளும் பட்டனும் கடையில் கிடைத்தது. அது கனமான பலகையில் நிற்காது. இரண்டு மில்லிமீட்டர் கனத்தில் தகடு வேண்டும். தகட்டுக்கு அவள் எங்கே போவாள்? தினமும் அதற்கு நடுவில்தானே உட்கார்ந்திருக்கிறாள்!

மறுநாள் கழிவுக் குவியலில் ஒரு துண்டைப் பொறுக்கிக்கொண்டு நேராகப் பிரஸ் மெஷின் முன்னால் போய் நின்றாள். சூப்பர்வைசர் ஓடி வந்தார்.

"அக்கா, உங்களை இது பக்கத்துல விட்டா என் வேலை போயிடும்."

"இப்ப இது எப்படி இறங்குது?"

"ரெண்டு கையாலயும் ரெண்டு சுவிட்ச்சை அமுக்கினாத்தான் இறங்கும்."

"அந்த ரெண்டு சுவிட்ச் எப்ப வந்துச்சு?"

அவளே வலது கையைத் தூக்கிக் காட்டினாள்.

"என் விரல் போன அடுத்த வாரம். அத்தனை நாள் கேட்டும் வைக்கல. என் விரலைக் குடுத்து வாங்கின பாதுகாப்பு சார் இது. நான் தொடக் கூடாதா?"

பட்டறையே வேலையை நிறுத்திவிட்டுப் பார்த்தது. சூப்பர்வைசர் விலகி நின்றார். அவள் தகட்டை வைத்தாள், அளவு பார்த்தாள், இரண்டு கையையும் சுவிட்சில் வைத்து அமுக்கினாள். ஆறு முறை மெஷின் இறங்கியது. ஓட்டைக்கும் ஓட்டைக்கும் நடுவே நாலு மில்லி தகடு மிச்சம் நின்றது.

பலகையில் அந்தப் பகுதியை வெட்டி எடுத்துவிட்டுத் தகட்டைப் பதித்தாள். பட்டன்கள் 'டக் டக்' என்று கவ்வின. பெட்டியை வீட்டு டிவியோடு இருந்த கேம் மெஷினில் மாட்டினால், திரையில் அவள் ஆள் யாரும் தொடாமலே காற்றில் உதைத்துக்கொண்டிருந்தான்! அடிப்பலகையைக் கழற்றினால் சும்மா நிற்கிறான், மூடினால் மறுபடி உதைக்கிறான்.

பட்டனின் அடி முனைகளில் சாக்பீஸ் தூளைப் பூசி, மூடித் திறந்தாள். அடிப்பலகையில் ஒரே ஒரு வெள்ளைப் புள்ளி. மெல்லிய தகட்டில் பதிந்த பட்டன் கனமான பலகையில் இருப்பதைவிட இன்னும் கீழே இறங்கி, ஒரு முனை அடிப்பலகையில் முட்டி, பட்டனுக்குள் இருந்த சுவிட்சை அமுக்கியபடி இருந்தது.

"பெட்டியை உசத்திடலாம்," என்றார் பார்க்க வந்த தச்சர்.

"உசத்தினா மடியில வச்சு ஆடறப்ப மணிக்கட்டு வலிக்கும். பெட்டி இப்படியேதான் இருக்கும்." பட்டன்களுக்கு நேர் கீழே அடிப்பலகையில் ஜன்னல் மாதிரி வெட்டி, வெளிப்பக்கம் மெல்லிய தகடு ஒன்றை அடித்து மூடினாள். திரையில் இருந்தவன் அடங்கினான்.

ஞாயிற்றுக்கிழமை பெட்டியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு தம்பி கடைக்குப் போனாள். கடையில் இருந்தவர்கள் சூழ்ந்துகொண்டார்கள். தம்பி மெஷினில் ஒயரை இணைத்துக் கொடுத்து, எதிரில் உட்கார்ந்தான். முதல் ஆட்டம் அவளுக்கு. கைதட்டினார்கள். அவள் மட்டும் சிரிக்கவில்லை.

"விட்டுக் குடுத்தேல்ல?"

"இல்லக்கா..."

"உன்னை எனக்குத் தெரியாதா? ஒழுங்கா ஆடு. இல்லேன்னா எந்திரிச்சுப் போ, வேற ஆளை வரச் சொல்லு."

தம்பி ஒழுங்காக ஆடினான். அடுத்த நான்கும் தோற்றாள். மூன்று விரலுக்கு இன்னும் வேகம் பழக வேண்டியிருந்தது. ஆனால் ஒரு பட்டன்கூட எட்டாமல் போகவில்லை. கடைசி ஆட்டத்தில் தம்பி மயிரிழையில்தான் தப்பித்தான். சட்டைக் காலரால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "போதும்கா, மூச்சு வாங்குது," என்றான்.

"எனக்கு வாங்கல," என்றாள். "காசைப் போடு. இன்னொண்ணு."