கல்லையே நகர்த்தினவர்

எங்கள் கொள்ளுத்தாத்தாவைப் பற்றி வீட்டில் ஒரே பெருமைதான் திரும்பத் திரும்பப் பேசப்படும்: "அவரு கல்லையே நகத்தினவரு." வெள்ளைக்காரன் காலத்து மிராசுதார், தாலுகா போர்டு மெம்பர். கார்த்திகை தீபத்துக்குக் குடம் குடமாக நெய் அனுப்பியவர். சின்ன வயதில் அவரை ஒரு பயில்வான் என்றே நினைத்திருந்தேன். கூடத்தில் தலைப்பாகையோடு மாட்டியிருக்கும் படத்தில் ஆள் என்னவோ ஒல்லிதான்.

போன ஆடியில் ஏரி ஆக்கிரமிப்பை அளக்க சர்வேயர் வந்தார். எங்கள் வீட்டுக்கு முன்னால் தெரு, பின்னால் ஏரி. ஏரியின் எல்லைக் கல்லைத் தாண்டி உள்ளே கட்டியதையெல்லாம் இடிக்கப்போகிறார்கள். பக்கத்துத் தெருவில் நாலு வீடு ஏற்கெனவே போய்விட்டது. மூன்று நாளாக எனக்குச் சோறு இறங்கவில்லை.

கொல்லையில் நாங்கள் கும்பிடுகிற, மஞ்சள் பூசிய கல்லைப் பார்த்து சர்வேயர் நின்றார்.

"சார், கொஞ்சம் தண்ணி ஊத்தலாங்களா?"

ஊற்றித் தேய்த்தார். மஞ்சள் கரைந்து, உளியால் கொத்திய அம்புக்குறி தெரிந்தது.

"அட, எல்லைக் கல்லு இங்கயே இருக்கு! உங்க வீடு ஏரிக்கு வெளியதான் சார் இருக்கு. பயப்படாதீங்க."

அப்போதுதான் எனக்குப் பொறி தட்டியது. கல்லையே நகர்த்தினவர்! அடப்பாவி மனுஷா, ஏரியில் வீட்டைக் கட்டி, கல்லைப் பிடுங்கிப் பின்னால் நட்டு, யாரும் தொடாதபடி சாமியும் ஆக்கிவிட்டாயா? ஐம்பத்தெட்டு வயது வரை இந்த மரமண்டைக்கு அது உறைக்கவில்லையே!

அம்மா மோர் டம்ளரோடு வந்தாள். நான் குறுக்கே புகுந்தேன்.

"அம்மா, நீ உள்ள போ."

"ஏண்டா வெரட்டுற? வெயில்ல வந்திருக்காரு பாவம். இந்த வீட்டக் கட்டினவரு லேசுப்பட்ட ஆளு இல்லப்பா."

"சாருக்கு நேரமாச்சும்மா."

"போர்டு மெம்பரு. கலெக்டர் தொரையே எழுந்து நின்னு பேசுவாராம்."

சர்வேயர் சிரித்துக்கொண்டே எழுதிக்கொண்டிருந்தார். கடைசி வரிக்கு வந்துவிட்டார் என்று தோன்றியது. அண்ணாமலையாரே, இன்னும் ஒரு நிமிஷம், இவள் வாயைக் கட்டு என்று மலைப் பக்கம் பார்த்தேன்.

"இந்தச் சாமியக்கூட அவருதான் கொண்டாந்து வச்சாரு. சும்மாவா, கல்லையே நகத்தினவரு!"

பேனா நின்றது.

"எங்கேர்ந்தும்மா?"

அம்மா முகமெல்லாம் பெருமையாகத் தெருப்பக்கம் கையை நீட்டினாள்.

"தோ, வாசல் வேப்பமரத்தடியிலேர்ந்துப்பா."

சர்வேயர் என்னைப் பார்க்கவில்லை. செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தார். டேப்பின் ஒரு நுனியைக் கல்லில் மாட்டி, மறு நுனியைப் பிடித்துக்கொண்டு, கொல்லைக் கதவு வழியாக எங்கள் வீட்டுக்குள் நுழைந்தார்.