கோல் கீப்பர் தர்சிகாவின் அறிமுகம்

எனக்கு வயது எழுபத்து நான்கு. பெற்றது நான்கு, வளர்த்தது ஆறு. ஆறு பேரும் சேர்ந்து என்னைப் படுத்தாத பாட்டை, இந்தக் கிழமை ஒரேயொரு பேஸ்புக் படம் படுத்திவிட்டது!

எங்கள் ஊர்ப் பெண்பிள்ளைகளின் உதைபந்தாட்ட அணி இறுதி ஆட்டத்துக்கு வந்திருக்கிறது. என் பேத்தி நிலாவும் அதில் ஆடுகிறாள். அணியின் பேஸ்புக் பக்கமும் அவள் பொறுப்பில்தான். ஞாயிற்றுக்கிழமை மட்ச். அதுவரைக்கும் ஒவ்வொரு நாளும் ஏதாவது போட வேண்டுமாம். பள்ளிக்கூட விடுமுறை என்பதால், பிள்ளைகள் எங்கள் விறாந்தையில் கூடித் திட்டம் போட்டார்கள். ஏன் எங்கள் விறாந்தை? அங்கேதான் சிக்னல் வரும்.

திங்கள், வீராங்கனை அறிமுகம். செவ்வாய், பயிற்சி வீடியோ... முதல் அறிமுகம் கோல் கீப்பர் தர்சிகாவுக்கு.

"கறுப்பு வெள்ளையிலை போடுவமடி. அதுதான் ஸ்டைல்" என்றாள் நிலா. வட்டத்துக்குள் தர்சிகாவின் முகம். கீழே அவளுடைய ஜேர்சி இலக்கம், 17.

"பேரை மட்டும் போட்டால் ஆருக்கு விளங்கும்? ஊருக்குள்ளை எத்தினை தர்சிகா" என்றேன் நான்.

"அப்ப நீங்களே சொல்லுங்கோ அம்மம்மா."

சொன்னேன். நான் எழுத்துக்கூட்டித்தான் வாசிப்பேன். ஆனால் இந்தப் பக்கத்தில் எந்த வீட்டில் நோட்டீஸ் அடிப்பதென்றாலும், முறை கேட்டு என்னிடம்தான் வருவார்கள். யாருக்கு யார் என்ன உறவென்று தலைகீழாகச் சொல்வேன். 'பளையைப் பிறப்பிடமாகவும், பரந்தனை வதிவிடமாகவும் கொண்ட தர்சிகா' என்று தொடங்கி, இன்னாரின் அன்பு மகளும், இன்னாரின் பாசமிகு சகோதரியும் என்று ஒரு உறவு விடாமல் சொல்லிக் கொடுத்தேன். பிள்ளைகள் தங்கள் பங்குக்குக் கடைசியில் ஒரு வரி சேர்த்தார்கள் — 'எங்கள் காவல் தெய்வமே!'

எவ்வளவு வடிவாக இருந்தது தெரியுமா?

காலையில் போட்டார்கள். முதலில் ஒருவர் கைகூப்பும் படம் அனுப்பினார். "வணக்கம் சொல்லுகினம்" என்றாள் நிலா. அடுத்தவர் 'ஆழ்ந்த அனுதாபங்கள்' என்றார். இன்னொருவர், 'பதினேழு வயதிலா? கடவுளே!' வெளிநாட்டில் இருக்கும் ஒருவர் செத்தவீடு எப்போது என்று கேட்டார்...

அப்போதுதான் எங்களுக்கு உறைத்தது: கறுப்பு வெள்ளை, வட்டத்துக்குள் முகம், என் வசனம், எல்லாம் சேர்ந்து அச்சு அசலாகச் செத்தவீட்டு நோட்டீஸ்! நிலா படத்தை அழிப்பதற்குள் அது எத்தனை நாட்டுக்குப் போய்விட்டதோ!

மத்தியானம் தர்சிகா வீட்டுப் பக்கம் அழுது குழறுகிற சத்தம் கேட்டு ஓடினேன். அவளுடைய மாமி, தகப்பனின் தமக்கை, பளையிலிருந்து வந்து படலை வாசலில் நின்று மாரில் அடிக்கிறா. போன் எடுத்து விசாரிக்கிற நிதானம் அந்த நேரத்தில் யாருக்கு வரும்? கிணற்றடியில் சப்பாத்துக் கழுவிக்கொண்டு நின்ற தர்சிகா நுரைக் கையோடு ஓடிவந்து, "என்ன மாமி, ஆர் செத்தது?" என்றாள்.

மாமி அப்படியே நிலத்தில் குந்திவிட்டா. பிறகு எழும்பி அவளுடைய முதுகில் ஒன்று போட்டா. பிறகு கட்டிப்பிடித்து அழுதா.

அதற்குள் தகப்பன் வந்துவிட்டார். வயலில் நின்ற மனிதனிடம் யாரோ போனில் துக்கம் விசாரித்திருக்கிறார்கள்.

"நான் ஓடிவந்த ஓட்டம் எனக்குத்தான் தெரியும்! இனிப் படமும் வேண்டாம், பந்தும் வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை இவள் வீட்டிலை நிக்கட்டும்."

தர்சிகாவுக்குக் கண் நிரம்பியது. அவள் இல்லாவிட்டால் கோலில் யார் நிற்பது? அணியில் வேறு கோல் கீப்பர் இல்லை.

"தம்பி, வசனம் சொன்னது நான். என்னோடை கோவியுங்கோ, பிள்ளையை விடுங்கோ" என்றேன்.

"உங்களோடை எனக்கென்ன கோவம் அம்மா? ஆனால் இவள் போகேலாது."

மாமி மூக்கைச் சிந்திக்கொண்டு எழும்பினா.

"டேய், நில்லு! பஸ் முழுக்கக் குழறிக்கொண்டு வந்தனான். கொண்டக்டர் பெடியன் பாவம், தண்ணி வாங்கித் தந்தவன். செத்துப்போனாள் எண்டு நினைச்ச பிள்ளை துள்ளிப் பாயுறதைப் பார்க்காமல் நான் வீட்டை போறதோ? ஞாயிறு வரைக்கும் இங்கைதான் நிப்பன். நீ சோத்தைப் போடு."

அக்காவின் சொல்லுக்கு மறுசொல் சொல்லாதவர் அவர். தொண்டையைச் செருமினார்.

"இனிப் போட்டால் சிரிச்சபடி போடச் சொல்லு" என்று மகளிடம் சொல்லிவிட்டு, வயலுக்குத் திரும்பிவிட்டார்.

அப்பாடா... எனக்கு அப்போதுதான் மூச்சு வந்தது.

பின்னேரமே புதுத் திட்டம். கறுப்பு வெள்ளை கூடாது. தனி முகம் கூடாது. சேறு பூசியிருக்க வேண்டும், கத்த வேண்டும், பல் தெரிய வேண்டும். தர்சிகா பந்தைப் பாய்ந்து பிடித்து, "விடமாட்டனடி!" என்று கத்துகிற வீடியோ போனது. கீழே என்ன எழுதுவதென்று என்னிடம் ஒருவரும் கேட்கவில்லை. நல்லதுதான். ஆனாலும் சொல்லிவைக்கிறேன் — என் வசனத்தில் ஒரு முறைப்பிழையும் இல்லை.

யோசித்துப் பார்த்தால் சனத்தைக் குறை சொல்ல ஏலாது. வட்டத்துக்குள் ஒரு இளம் முகத்தைக் கண்டால் எங்களுக்கு வேறு என்ன தோன்றும்? சண்டைக் காலத்தில் அவ்வளவு பார்த்துவிட்டோம். ஒரு பிள்ளை போய்விட்டாள் என்று சொல்ல எங்களிடம் எத்தனையோ வசனம். ஒரு பிள்ளை சுகமாக இருக்கிறாள், பந்து பிடிக்கிறாள் என்று சொல்லத்தான் ஒன்றும் கைவசம் இல்லை. இனித்தான் பழக வேண்டும்.

நாளைக்கு மட்ச். சத்தம் போடுவதற்காக மாமி இப்போதே இஞ்சித் தேத்தண்ணி குடித்துத் தொண்டையைத் தயார் செய்கிறா.

நிலா, இவ்வளவும் எழுதிப்போட்டியோ? ஒருக்கா வாசி பாப்பம்... தர்சிகா உயிரோடைதான் இருக்கிறாள் எண்டு வடிவா விளங்குதோ?