வாழ்த்துரைகளில் ஒன்று குறைந்தது

ஒன்பதாம் வகுப்போடு பள்ளியை விட்டவன் நான். போர்வெல் லாரியில் ஏறிப் பல மாநிலங்கள் சுற்றினேன். படுக்கை பெரும்பாலும் இரும்புக் குழாய்களின் மேல்தான். இப்போது கீழப்பழுவூரில் ஓர் அறை எடுத்துக்கொண்டு, கூப்பிட்ட ஊருக்குப் போய் மக்காச்சோளம் அடிக்கும் மெஷின்களைப் பழுது பார்க்கிறேன்.

பெரம்பலூர்ப் பக்கம் ஒரு கல்லூரியில் வேளாண் கருவிகள் பற்றித் தமிழிலேயே ஒரு மாநாடு நடத்தினார்கள். பேச்சாளர்களைத் தேர்ந்தெடுக்கும் குழுவில் களத்திலிருந்து ஓர் ஆள் வேண்டுமாம். அங்கே மெஷின் சரிசெய்யப் போன என்னைச் சேர்த்துவிட்டார்கள். மாநாட்டு ஒருங்கிணைப்பாளரான பேராசிரியர், இயந்திரவியல் துறை மேடம், நான். மூன்றே பேர்.

முறை நன்றாகத்தான் இருந்தது. விண்ணப்பத்தில் பெயரையும் ஊரையும் வெள்ளைத்தாள் ஒட்டி மறைத்திருந்தார்கள். எதைப் பற்றிப் பேசப் போகிறார் என்ற ஒரு பக்கத்தைப் படித்துவிட்டுப் பத்துக்கு மதிப்பெண் போட வேண்டும். வயலையே பார்க்காமல் எழுதியவை நிறைய. நான் இரண்டுக்குப் பூஜ்ஜியம் போட்டேன்.

"பூஜ்ஜியமெல்லாம் போடாதீங்க, மனசு கஷ்டப்படும்" என்றார் ஒருங்கிணைப்பாளர்.

"பேரே தெரியாதே சார், யாரு மனசு?" என்றேன். மேடம் சிரித்துவிட்டார்.

டீ வந்தது. டம்ளருக்கு அடியில் வைக்கத் தாள் தேடினேன். ஜன்னல் மேடையில் ஒரு கட்டு கிடந்தது. அவையும் விண்ணப்பங்கள்தான். கல்வித் தகுதி என்ற கட்டத்தை நிரப்பாதவர்களுடையவை. எங்களிடம் வரும் முன்பே ஒதுக்கிவிட்டார்கள். பெயரை மறைக்கும் அளவுக்குக்கூட அவற்றை யாரும் மதிக்கவில்லை.

மேலே இருந்ததைப் படித்தேன். செட்டிகுளத்துப் பெண் ஒருவர் கையால் எழுதியது. மெஷினுக்குள் கதிர் தள்ளும்போது அவர் தங்கைக்குக் கை போயிருக்கிறது. அதற்குப் பிறகு மெஷினின் வாய்க்கு முன்னால் நீளமாக ஒரு தகட்டை வெல்டிங் வைத்து, கை உள்ளே சுழலும் உருளையைத் தொடவே முடியாதபடி செய்திருக்கிறார். அக்கம்பக்கத்து மெஷின்களுக்கும் செய்து கொடுத்திருக்கிறார். அதைத்தான் பேசக் கேட்டிருந்தார். நான் எத்தனையோ மெஷின் பார்த்தவன். சோளம் அடிக்கும் இடங்களில் கையில்லாதவர்களையும் பார்த்திருக்கிறேன். பத்துக்குப் பத்து போட்டு மேசையில் வைத்தேன்.

"இது கணக்குல வராதுங்க" என்றார் ஒருங்கிணைப்பாளர். "வேணும்னா வெளியில ஒரு ஸ்டால் குடுத்துடலாம்."

"பேச வரேன்னு எழுதியிருக்காங்க. கடை போட வரல சார்."

மேடம் தாளை எடுத்துப் படித்தார். அதிலிருந்த நம்பருக்குப் போன் போட்டு எல்லோருக்கும் கேட்கும்படி வைத்தார். பின்னால் ஆடு கத்தியது.

"என்ன படிச்சிருக்கீங்கம்மா?" என்று ஒருங்கிணைப்பாளர் ஆரம்பித்தார்.

"மெஷினு அதெல்லாம் கேக்கலைங்களே சார்."

மேடம் குறுக்கிட்டார். "வாயை நீட்டினா கதிர் போற வேகம் குறையாதா?"

"குறையும் மேடம். வேலை முடிய நேரமாவும். கை இருக்கும்."

மேடம் தாளை ஒருங்கிணைப்பாளர் பக்கம் தள்ளினார். அவர், "மதியம் சாப்பாட்டுக்கு அப்புறம் ஒரு பத்து நிமிஷம் பாக்கலாம்" என்றார்.

"சோறு தின்னுட்டுத் தூங்குறவங்ககிட்டயா? காலையில குடுங்க சார். இல்லன்னா எனக்கு இங்க வெங்காயம் புடுங்குற வேலை கிடக்கு." போன் வைக்கப்பட்டது.

காலையில் இடமே இல்லை என்று ஒருங்கிணைப்பாளர் நிகழ்ச்சி நிரலைக் காட்டினார். வரவேற்புரை, தலைமையுரை, அதற்குக் கீழே வரிசையாக நாலு வாழ்த்துரை.

"ஒருத்தர் வாழ்த்தலன்னா என்ன சார் ஆயிடும்?" என்று கடைசிப் பெயரைக் காட்டினேன்.

"அவருதாங்க மதியச் சாப்பாடு போடுறாரு!"

"சாப்பாடு போட்டாலே வாழ்த்துனதுதானே சார்."

அவர் முகம் சிவந்துவிட்டது. களத்து ஆள் என்று கூப்பிட்டதே தப்பு என்று என் எதிரிலேயே சொன்னார். சொல்லட்டும். லாரியில் இதைவிட மோசமாகக் கேட்டிருக்கிறேன். இந்தப் பேச்சு இல்லாத பட்டியலில் நான் கையெழுத்துப் போட மாட்டேன் என்றேன். உங்கள் கையெழுத்து இல்லாமலும் பட்டியல் போகும் என்றார். மேடம் பேனாவை மூடி மேசையில் வைத்தார். "அப்ப என்னுதும் இல்லாமத்தான் போகணும் சார்." மூன்றில் இரண்டு கையெழுத்து இல்லாத பட்டியலைக் கல்லூரி முதல்வரிடம் எப்படிக் கொண்டு போவது? நாலாவது வாழ்த்துரையை ஒருங்கிணைப்பாளரே அடித்தார். தாள் கிழியும் அளவுக்கு அழுத்தி.

மாநாட்டன்று அந்தப் பெண் தான் நீட்டிய மெஷின் வாயைத் தகரத்தில் மாதிரியாக வெட்டிச் சாக்கில் சுற்றி பஸ்ஸில் கொண்டுவந்திருந்தார். வாழ்த்தியவர்கள் மூவரும் நாலு பேருக்கான நேரத்தை எடுத்துக்கொண்டார்கள். அந்தப் பெண் பேச ஆரம்பித்துச் சற்று நேரத்திலேயே ஒருங்கிணைப்பாளரிடமிருந்து மேடைக்குத் துண்டுச்சீட்டு போனது. அவர் அதைப் பிரித்து மைக்கிலேயே படித்தார்.

"‘விரைவில் முடிக்கவும்’னு எழுதியிருக்குங்க. எவ்வளவு நீளம் வைக்கணும்னு நான் இன்னும் சொல்லவே இல்ல. சொல்லிட்டுத்தான் முடிப்பேன்."

சீட்டை மேசையில் வைத்துவிட்டு, தகரத்தைத் தூக்கிக்கொண்டு முன்வரிசைக்கு இறங்கி வந்தார்.

"யாராவது கையை உள்ள விடுங்க. எது வரைக்கும் போவுதுன்னு பாப்போம்."