பொம்மைக்குக் கிடைத்த புகைபோக்கி

நீடாமங்கலம் பக்கத்தில் நான் கணக்கு வாத்தியாராக இருந்த பள்ளியில் சத்துணவு சமைத்தவர் அந்த அம்மா. ஒல்லியான உடம்பு. விறகுப் புகையில் கண்கள் எப்போதும் சிவந்திருக்கும். முந்தானையால் அவற்றைத் துடைத்துக்கொண்டேதான் பேசுவார்.

பெங்களூரில் சாஃப்ட்வேர் வேலையை விட்டுவிட்டு வந்த ஒருவர் எட்டாம் வகுப்புக்கு 'டிசைன் திங்கிங்' பயிற்சி கொடுத்தார். ஒருவருடைய கஷ்டத்தைக் கேட்டறிந்து, அதற்கான தீர்வைக் கையால் செய்து காட்ட வேண்டும். பிள்ளைகள் சமையலம்மாவிடம் போனார்கள். உலையைக் கவனித்துக்கொண்டே அவர் எல்லாவற்றையும் சொன்னார். அவர்கள் அட்டையில் ஒரு சமையலறை செய்து, கூரையில் புகைபோக்கி வைத்து, அடுப்பருகே களிமண்ணில் அவரையும் நிறுத்தினார்கள். பயிற்சி முடிவில் நடந்த போட்டியில் அதற்கு முதல் பரிசு கிடைத்தது.

அம்மா குனிந்து பார்த்தார். "அழகா இருக்கு கண்ணுங்களா" என்றவர், பயிற்சியாளரிடம் திரும்பினார். "எப்ப சார் கட்டுவீங்க?"

"கட்டுறதுக்கு இல்லம்மா. பிள்ளைங்க யோசிக்கக் கத்துக்கணும், அதுக்குத்தான்."

"பொம்மைக்கு மட்டும் புகை போனா போதுமா? அப்ப என்னை எதுக்கு வந்து கேட்டீங்க?"

மறு வருடம் பயிற்சியாளர் புதுப் பிள்ளைகளோடு சமையலறைக்கு வந்தார். அம்மா அவர் கையில் கரண்டியைக் கொடுத்தார். "அரை மணி நேரம் கிண்டுங்க சார், அப்புறம் பேசுவோம்."

மூன்றாவது நிமிடம் அவர் இருமிக்கொண்டே வெளியே ஓடிவந்தார். நான் சிரித்துவிட்டேன்.

அம்மா சிரிக்கவில்லை. "அவராவது கேக்க வந்தாரு. நீங்க இத்தனை வருஷமா பாத்துக்கிட்டுத்தானே சார் இருக்கீங்க?"

மணி அடித்தது. நான் வகுப்புக்குப் போனேன். அதை நினைத்தால் இன்றும் என்மேலேயே ஆத்திரம் வருகிறது.